பாதி ஓவியருக்கு, பாதி இல்லத்துக்கு

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் தங்கும் இல்லம் ஒன்றுக்காக நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. அதன் கடைசி வரிதான் என்னைக் கிளம்ப வைத்தது. "விற்கும் ஒவ்வொரு படத்தின் விலையிலும் பாதி ஓவியருக்கு, பாதி இல்லத்துக்கு." சென்னையில் நற்பணிக்கு நிதி திரட்ட நடக்கும் ஓவியக் கண்காட்சிகளுக்குப் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு வரியை யாரும் வெளிப்படையாகப் போட்டு நான் பார்த்ததில்லை. "ஓவியர்கள் தங்கள் படைப்புகளை அன்பளிப்பாக வழங்கியுள்ளனர்" என்பதுதான் வழக்கமான வாசகம். கூடத்துக்கு வாடகை உண்டு, பந்தல்காரருக்குக் கூலி உண்டு, மைக்செட்டுக்குப் பணம் உண்டு, டீ காபி கொண்டுவருபவருக்கும் உண்டு. படம் வரைந்தவர் மட்டும் சும்மா கொடுக்க வேண்டும். இது என்னை ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

என் அத்தை அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை ஹையர் கிரேடு வரை எழுதித் தேறியவர். எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் முதலில் கோட்டைத்தான் பார்ப்பார், வண்ணமெல்லாம் அப்புறம். அவரிடம் அழைப்பிதழைப் படித்துக் காட்டினேன். "பாதி தர்றாங்களா? அப்ப படம் நல்லா இருக்கும்டி, வா போகலாம்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது.

கண்காட்சி சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கம் தாண்டும்போது கண்ணில் படும் இடம்தான். ஆனால் அதன் கதை நிறையப் பேருக்குத் தெரியாது. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பிழைக்க வழியில்லை. கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு அதுதான் பெரிய கவலை. அவரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் வைத்தார்கள். துணியில் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் 1966-ல் இங்கே ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அன்றைக்கு இது வெறும் மணல்மேடும் சவுக்குத் தோப்பும். பகலில் கைவினை, மீதி நேரத்தில் தன் படம், யாரிடமும் கையேந்தாத வாழ்க்கை: இதுதான் பணிக்கரின் எண்ணம். அவர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் ஓவியர்கள் கையில்தான் இருக்கிறது. ஓவியருக்குப் பாதி என்று எழுதிய கண்காட்சி இந்த மண்ணில் நடந்தது ரொம்பப் பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

சரி, இல்லத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அடையாறுக்கு வரும் குழந்தைகளும் அவர்கள் அம்மாக்களும் தங்கும் வீடு அது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த ஆண்டே டாக்டர் சாந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தார், 2021-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. தென்மாவட்டத்துக் குடும்பங்களுக்கு அடையாறு என்றாலே இன்றைக்கும் இந்த மருத்துவமனைதான்.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதில் பரவலாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருஷம் வரை நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை, அடிக்கடி ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பிறகு மாத்திரையும் குறித்த தேதியில் வந்து காட்டுவதுமாகப் போகும். முறையாக முடித்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள். சிக்கல் அந்த "முடித்தால்" என்பதில்தான். மருந்துச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டாலும், ராமநாதபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வரும் குடும்பம் சென்னையில் எங்கே தங்கும், என்ன சாப்பிடும், அப்பாவின் தினக்கூலி போனால் ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைக்கு யார் சோறு போடுவது? குழந்தை கொஞ்சம் தெளிந்ததும், போதும் என்று ஊருக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். நோய் திரும்புகிறது. மருத்துவர்களைத் தூங்கவிடாத கவலை இது. ஒரு கட்டிலும் சுத்தமான சமையலறையும் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பம் கடைசிவரை நின்று சிகிச்சையை முடிக்கும். இல்லம் கேட்பது அந்தக் கட்டிலுக்கான காசு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. சிற்பங்கள் நிற்கும் தோட்டத்தைத் தாண்டி உள்ளே போனால், படங்களுக்கு முன்பாக இனிப்பு மேஜைதான் எதிர்ப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் இதை வேண்டுமென்றே செய்திருந்தார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மேஜையில் ஒவ்வொரு இனிப்புக்கும் முன்னால் ஒரு சீட்டு. அதில் இனிப்பின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும். கீழக்கரை. திருவையாறு. தூத்துக்குடி. காரைக்குடி. ஸ்ரீவில்லிபுத்தூர். நாகர்கோவில். இல்லத்தில் இப்போது தங்கியிருக்கும் அம்மாக்கள் எந்தெந்த ஊர்க்காரர்களோ அந்தந்த ஊர் இனிப்புகள். அம்மாக்கள் பக்குவம் சொல்ல, தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் செய்து கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைகள் யாரும் வரவில்லை. சிகிச்சையில் ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் கூட்டமும் கூடாது, வெளிச்சாப்பாடும் கூடாது. அம்மாக்களிலும் கைமாற்றிவிட ஆள் கிடைத்த சிலரே வந்திருந்தார்கள். ஆனால் அந்த மேஜையைப் பார்த்ததுமே யார் எங்கிருந்து வந்து இந்த ஊரில் காத்துக்கிடக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. சுவரில் ஒரு வரைபடம் மாட்டி விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

இருநூறு ரூபாய்க்கு ஒரு டோக்கன். ஒரு பாக்குமட்டைத் தட்டு, அதில் எந்த ஐந்து வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஐந்தோடு நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம். இன்னொரு டோக்கன் வாங்க வரிசை நின்றுகொண்டே இருந்தது.

நான் தொதலில் ஆரம்பித்தேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து, கரண்டியை விடாமல் மணிக்கணக்கில் கிண்டி இறக்குவது. கறுத்து மினுமினுத்து, கத்தி போட்டால் மெல்ல விலகி மறுபடி சேரப் பார்க்கும். இதை மட்டும் தன்னார்வலர் யாரும் செய்யவில்லை. கீழக்கரையிலிருந்து பேரனோடு வந்திருக்கும் ஒரு பெரியம்மா, இன்னொருவர் கையில் இதை ஒப்படைக்க மனசு வராமல், இல்லத்துச் சமையலறையில் தானே நின்று கிண்டியிருக்கிறார். மேஜைக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது இறக்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தேங்காயில இருக்கிற எண்ணெய் அதுவாப் பிரிஞ்சு ஓரத்துல வரும்மா. அதுக்கப்புறமும் கிண்டணும். அந்த எண்ணெயை வடிச்சு எடுக்கணும். அவசரப்பட்டு இறக்கினா நாலு நாள்ல ஊசிப்போகும். பொறுமையா இறக்கினா பத்துப் பதினஞ்சு நாள் தாங்கும்."

கீழக்கரையும் காயல்பட்டினமும் கப்பலேறி வியாபாரம் செய்த ஊர்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே தொதல் உண்டு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நோன்புப் பெருநாளுக்கு இதைப் பெரிய கடாயில் ஆண்கள் துடுப்பு போட்டுக் கிண்டுவார்கள். கடல் வழியாக வந்த இனிப்பு. அத்தைக்குக் கருப்பட்டி வாசம் பிடித்துப்போய், என் தட்டிலிருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

காரைக்குடிச் சீட்டின் பின்னால் கவுனரிசி. கறுப்பு அரிசியை முந்தின நாள் ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்ப்பார்கள். பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன நகரத்தார் அங்கிருந்து கொண்டுவந்த அரிசி இது, அவர்கள் கல்யாண வீட்டில் இது இல்லாமல் இலை போட மாட்டார்கள். பக்கத்திலேயே பால் பணியாரம், உளுந்தும் பச்சரிசியும் அரைத்த மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டது. அதை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டிருக்கலாம். உள்ளே பால் இறங்கவில்லை.

திருவையாற்று அசோகாவை வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவோடு கிளறுவது. நெய் இலையில் வழிய வேண்டும், வழிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் வேண்டாம், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் விறகடுப்பின் வாசம் வீட்டு கேஸ் அடுப்பில் வராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தூத்துக்குடி மக்ரூன் டப்பாவுக்கு மட்டும் ஒரு கல்லூரிப் பெண் காவல் நின்றாள். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி தூவிக் கலந்து, கூம்புகளாகப் பிழிந்து குறைந்த சூட்டில் காயவைப்பது அது. கடல்காற்று பட்டால் நிமிஷத்தில் பிசுபிசுத்துவிடும். கடலோ பக்கத்திலேயே. அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, உடனே மூடிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்ததும் ஒன்றும் மிச்சமில்லாமல் கரைந்தது.

நாகர்கோவில் முந்திரிக்கொத்தை ஓர் அம்மா எனக்கு எடுத்துத் தந்தார். வறுத்த பாசிப்பயற்று மாவும் வெல்லப்பாகும் எள்ளும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரிப்பது. பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். "வாரக்கணக்கா இருக்கும்மா. ஒவ்வொரு வாட்டி ஊர்லேர்ந்து வரும்போதும் எங்கம்மா ஒரு டப்பா நெறையப் போட்டுக் குடுத்து விட்டுருவாங்க. கையில காசு இல்லாத அன்னைக்கு அதுலயே ஒரு நேரம் ஓட்டிருவேன்" என்றார். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அடுத்த வாய் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தட்டோடு உள்ளே போகக் கூடாது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான் கூடத்துக்குள் அனுமதி. இனிப்பை முதலில் வைத்ததன் பலன் அங்கேதான் தெரிந்தது. கண்காட்சித் திறப்பு என்றால் எல்லோரும் சுவரை ஒரு சுற்று சுற்றிவிட்டு சமோசா இருக்கும் பக்கம் ஒதுங்குவார்கள். இங்கே வயிறு நிறைந்து, போவதற்கு வேறு இடமில்லாமல், எல்லோரும் நிதானமாகப் படம் பார்த்தார்கள். சாப்பிட்ட இனிப்பின் ஊர்கள் மனதில் இருந்ததால் படத்தில் இருப்பவர்களும் யாரோ எவரோ என்று தோன்றவில்லை.

எல்லாப் படமும் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். புத்தர் முகம், குடத்தோடு நிற்கும் பெண், புல்லாங்குழல் கண்ணன் என்று எந்தக் கண்காட்சியிலும் பார்க்கக் கூடியவை சில இருந்தன. அத்தை அவற்றின் முன் நிற்கவேயில்லை. அவர் நின்ற இடம் ஒரு லினோகட்டுக்கு முன்னால்.

லினோகட் என்றால், ரப்பர் மாதிரி வழுவழுப்பான தகட்டில் வெண்மையாக வரவேண்டிய இடங்களையெல்லாம் சின்ன உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மேட்டில் ரோலரால் மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பது. ஒரே தகட்டிலிருந்து இருபதோ முப்பதோ எடுக்கலாம். ஒவ்வொன்றையும் ஓவியரே கையால் எடுப்பதால் ஒவ்வொன்றும் அசல்தான். அடியில் பென்சிலால் 4/20 என்று எழுதியிருந்தால் இருபதில் நான்காவது என்று அர்த்தம். விலையும் எண்ணெய் வண்ணப் படத்தைவிட எவ்வளவோ குறைவு. மாதச் சம்பளக்காரர்கள் அசல் படம் ஒன்றை வீட்டில் மாட்ட இதைவிட நல்ல வழியில்லை.

படத்தில் ஓர் அரசுப் பேருந்தின் பக்கவாட்டு. ஜன்னலில் தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒரு குழந்தை, அதன் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு கை. கையில் ரப்பர் வளையல். பேருந்தின் நெற்றியில் "சென்னை" என்ற பலகை. அத்தை அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வாடி. இந்த எழுத்தை அந்தப் பையன் தகட்டுல இடம் வலமா மாத்தி, கண்ணாடியில தெரியற மாதிரி செதுக்கியிருக்கணும். அப்பத்தான் பேப்பர்ல நேரா வரும். ஒத்தைக் கொம்பு, 'ன்'னு புள்ளி, ஐகாரம், ஒண்ணு கூடப் பிசகல பாரு. மறுபடி அழிச்சு எழுத முடியாது இதுல. ஒரு தடவை உளி நழுவினா தகடே போச்சு." அந்தப் பையன் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன், கொஞ்சம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். அத்தை அவனைக் கூப்பிட்டு எந்த உளி, எத்தனை நாள், என்ன மை என்று விசாரித்துவிட்டு, அங்கேயே சிவப்புப் பொட்டு ஒட்டச் சொல்லிவிட்டார். விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது கண்காட்சி வழக்கம். லினோகட் என்பதால் ஒரு சட்டத்துக்குப் பக்கத்திலேயே பொட்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின.

என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு. பேனா மையில் வரைந்த பைகள். பைகள் மட்டும். மூங்கில் பிடி போட்ட ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அடியில் தையல் விட்டு மறுபடி தைத்தது. மஞ்சப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஃபிளாஸ்க். பிளாஸ்டிக் கவருக்குள் மருத்துவ ஃபைல், அதன் முனையில் ரப்பர் பேண்ட். பச்சையும் வெள்ளையுமான ஓர் ஒயர் கூடை. கறுப்பு மையில் வரைந்த கூடை பச்சை வெள்ளை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன். கட்டம் கட்டமாக முடிச்சு விழும் இடத்தில் ஒரு நிறத்துக்குக் கோடு நெருக்கமாகவும் இன்னொன்றுக்கு விட்டுவிட்டும் போட்டிருந்தார், அதிலேயே என் பாட்டியின் கூடை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வரைந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. இல்லத்துக்கு வாரம் தவறாமல் போய் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். ஏன் பைகள் என்று கேட்டேன்.

"குழந்தைங்க முகத்தை வரையட்டுமான்னு கேட்க எனக்கு மனசு வரலங்க. முடி கொட்டின பிள்ளையை யார் வீட்டு ஹால்லயோ மாட்டறதுக்காக வரையறது சரியில்லன்னு பட்டுது. உங்க பையை வரையட்டுமான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டு சரின்னாங்க. அப்புறம் அவங்களே ஒவ்வொண்ணா எடுத்துக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க, இதுல இது இருக்கு, அதுல அது இருக்குன்னு."

நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் நோயாளிக் குழந்தையின் முகத்தைப் பெரிய பேனராக வைப்பது வாடிக்கையாகிவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்தால் பணம் வரும்தான். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரி போகும்போது தன் மொட்டைத்தலைப் படம் இணையத்தில் சுற்றுவதைப் பார்க்கும். இந்தப் பெண்மணி எடுத்த முடிவு எனக்கு அவர் கோட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கோடும் சாதாரணமானதில்லை.

பாதிப் பணம் பற்றி அவரிடமே கேட்டுவிட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "சும்மா கேட்டா சும்மா கொடுப்போம்ங்க, யாரும் இல்லன்னு சொல்றதில்ல. ஆனா விக்காம வீட்டுல கிடக்கிறதைத்தான் எடுத்துக் கொடுப்போம். வருஷத்துக்கு நாலு பேர் கேட்கறாங்க. நல்ல காட்டன் பேப்பர் என்ன விலை, ஃப்ரேம் என்ன விலை? இவங்க பாதி தர்றோம்னு சொன்னதால நாலு மாசம் இதுக்குன்னே உட்கார்ந்தேன்."

அத்தை வீட்டிலேயே சொன்னது இதைத்தான். இலவசமாகக் கேட்டால் மிச்சம் வரும், மதித்துக் கேட்டால் உள்ளதில் நல்லது வரும். நல்ல படம் வந்தால் வாங்குபவர் இரக்கத்துக்காக வாங்காமல் படத்துக்காக வாங்குவார், விலையும் நிற்கும். இல்லத்துக்கு முழு விலையில் சுமாரான பத்துப் படத்தைவிடப் பாதி விலையில் நல்ல நாற்பது படம் எவ்வளவோ மேல்.

இதில் வரிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பணமாக நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்கும். ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான் செல்லும். அதற்கு மேல் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். ஆனால் பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு அந்தச் சலுகையே கிடையாது. அதாவது ஐம்பதாயிரம் ரூபாய் படத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஓவியருக்கு வருமான வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மேடையில் பொன்னாடை கிடைக்கும். அன்றைக்கு ஒருவர் படம் வாங்கிவிட்டு 80ஜி கேட்டார். பொருளை வாங்கினால் பில்தான், தனியாகக் கொடுத்தால்தான் ரசீது என்று மேஜையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அவர் சரி என்று தனியாகவும் ஒரு தொகைக்கு ஸ்கேன் செய்தார்.

ஓவியமும் அநாதைப் பிள்ளைகளும் விருந்தும் ஒன்றாகச் சேர்ந்த பழைய கதை ஒன்று லண்டனில் உண்டு. தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன் தெருவில் வீசப்படும் குழந்தைகளுக்காகப் பதினேழு வருஷம் அலைந்து 1739-ல் ஓர் இல்லத்துக்கு அரசரிடம் அனுமதி வாங்கினார். வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1740-ல் கோரமின் முழு உருவப்படத்தை வரைந்து அந்த இல்லத்துக்கே கொடுத்தார். தான் மிகவும் விரும்பி வரைந்த உருவப்படம் அதுதான் என்று பின்னாளில் எழுதியும் வைத்திருக்கிறார். மற்ற ஓவியர்களையும் அவர் கொடுக்கவைத்தார். அந்தக் காலத்து லண்டனில் ஓவியர்கள் படத்தை மாட்டிக் காட்டப் பொது இடம் அநேகமாக இல்லை. இல்லத்தின் சுவர் அவர்களுக்கு அந்த இடமாக அமைந்தது. ஊரே திரண்டு போய்ப் பிள்ளைகளையும் படங்களையும் பார்த்தது. ஓவியர்கள் வருஷாவருஷம் நவம்பர் 5 அன்று அங்கே கூடி விருந்து சாப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1760-ல் ஓவியர்களே நடத்திய முதல் பெரிய கண்காட்சி பிறந்தது, 1768-ல் ராயல் அகாடமியும் வந்தது.

ஹோகார்த் அச்சுப் படங்கள் போட்டு விற்று வாழ்ந்தவர். 1750-ல் தன் பெரிய படம் ஒன்றின் அச்சுப் பிரதியைச் சந்தாவுக்கு விற்றார், கூடக் கொஞ்சம் காசு போட்டால் ஒரு குலுக்கல் சீட்டு, பரிசு அசல் படம். விற்காமல் மிஞ்சிய சீட்டுகளை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். பரிசு இல்லத்துக்கே விழுந்தது. அந்தப் படம் இன்றும் லண்டனில் அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. கொடுத்தவர்களுக்கும் இடமும் பெயரும் பிழைப்பும் கிடைத்ததால்தான் அங்கே நல்ல படங்கள் சேர்ந்தன. ஓவியரின் பசியை மறந்துவிட்டு நடத்தியிருந்தால் அந்தச் சுவர் அவ்வளவு காலம் நின்றிருக்காது.

இதை நான் அங்கே ஒரு நண்பரிடம் சொன்னபோது, "பாதி கொடுத்தா இல்லத்துக்கு நஷ்டம்தானே, கூடம் நிறையப் படம் சும்மாவே கிடைக்கிறப்ப எதுக்கு?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். இனிப்பு செய்தவர்களுக்குப் பொருள் செலவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா என்றேன். நெய் விலையும் முந்திரி விலையும் தெரிந்தவர்கள்தானே நாம், அதைக் கொடுப்பது நியாயம் என்று உடனே ஒப்புக்கொண்டார். பேப்பருக்கும் மைக்கும் அதே நியாயம்தான் என்றதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு போய் ஒரு கட்டைப்பை வாங்கினார்.

நான் ஒயர் கூடையை வாங்கினேன். கையிருப்பு இடித்தது, ஆனாலும் அதை வேறு ஒருவர் வீட்டில் கற்பனை செய்ய முடியவில்லை. கண்காட்சி ஞாயிறு வரை இருந்ததால் படங்களை அன்றைக்கே தரவில்லை. திங்கட்கிழமை போய் வாங்கிக்கொண்டோம். லினோகட்டை அத்தை தன் பூஜை அறை வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார், கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் அந்தப் பேருந்து கண்ணில் பட வேண்டுமாம்.

அடுத்த வாரமே ஏற்பாட்டாளர்கள் வரவு செலவை வந்திருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். கூட வாடகை, ஓவியர்களுக்குக் கொடுத்தது, இனிப்புக்கான பொருள் செலவு, உண்டியல் எல்லாம் வரிவரியாக. இல்லத்தின் ஒரு வருஷ அரிசி பருப்புச் செலவைத் தாங்கும் அளவுக்கு வந்திருக்கிறது. இனிப்பு மேஜையின் பங்கு நான் நினைத்ததைவிட அதிகம். அடுத்த வருஷம் அதற்குத் தனிக் கூடமே போடலாம் என்று பதில் எழுதினேன்.

கீழக்கரைப் பெரியம்மாவின் பேரனுக்குக் கடுமையான கட்டம் முடிந்துவிட்டதாம், இனி மாத்திரைதான், குறித்த தேதிக்கு வந்து காட்டினால் போதும். அடுத்த தேதிக்கு வரும்போது தொதல் கிண்டிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கிலோவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். முழு விலையும் அவருக்குத்தான்.